மருந்துவாழ் மலை கண்ட மாமுனிவர் ஸ்ரீ நாராயண குரு

மலையும் குகையும் தவத்தோர்க்கு உறைவிடமாக விளங்கி வரும் நாடு நம் பாரத நாடு. இமயத்தின் பனிச் சிகரங்கள் தொடங்கித் தென்கோடியின் கரும்பாறைக் குன்றுகள் வரை, மெய்ப்பொருளைத் தேடிய சான்றோர்கள் கால்நடையாகவே சென்று, ஒரு தவச்சாலையிலிருந்து மற்றொரு தவச்சாலைக்குப் பாதை சமைத்துள்ளனர். அத்தகைய பாதைகளுள் ஒன்று திருவனந்தபுரத்தின் அருகே ஒரு சிற்றூரில் தொடங்கியது. அது கன்னியாகுமரியை அடுத்த மருந்துவாழ் மலையில் ஏறியது. நெய்யாற்றங்கரைப் பாறைகளின் இடையே இறங்கி வந்தது. பின்னர் வர்க்கலை, ஆலுவா, கொச்சி என்று மக்கள் வாழும் ஊர்களை நோக்கித் திரும்பியது. அப்பாதையில் நடந்தவர் ஸ்ரீ நாராயண குரு. அவர் மலையேறியது எதற்காக, இறங்கி வந்தது எதற்காக என்பதை அறிந்தால் அவரது வாழ்வின் சாரத்தையே அறிந்தவர்களாவோம்.

செம்பழந்தியில் ஒரு மாணவர்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள செம்பழந்தி என்னும் ஊரில், வயல்வாரம் என்ற எளிய இல்லத்தில், 1856-ஆம் ஆண்டு ஆவணி மாதச் சதய நட்சத்திரத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1855 என்று கூறுவோரும் உளர். தந்தையார் மாடன் ஆசான், ஊர்ச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். வடமொழிப் பயிற்சி உடையவர். தாயார் குட்டியம்மாள். தாய்மாமன் கிருஷ்ணன் வைத்தியர் ஆயுர்வேதம் அறிந்தவர். குழந்தையை அனைவரும் நாணு என்று அன்புடன் அழைத்தனர்.

குடும்பம் ஈழவர் வகுப்பைச் சேர்ந்தது. அக்காலத் திருவிதாங்கூரில் கல்வியும் மருத்துவமும் அறிந்த ஈழவர் குடும்பங்கள் பல இருந்தன. ஆயினும் பெருங்கோவில்களின் வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை. கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்கும் தடை இருந்தது. அரசுப் பணியில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஈழவருக்கும் கீழே வைக்கப்பட்ட மக்களின் நிலையோ இதனினும் கொடியது. தீண்டாமையோடு, இத்தனை அடி தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற வழக்கமும் அங்கே நிலவியது. இத்தகைய சூழலில்தான் நாணு வளர்ந்தார்.

இருபது வயதைக் கடந்த பின், உயர்கல்வியின் பொருட்டு அவர் காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளிக்குச் சென்று, கும்மம்பிள்ளி ராமன் பிள்ளை ஆசான் என்னும் பெரும்புலவரிடம் வடமொழி இலக்கியம், இலக்கணம், வேதாந்தம் ஆகியவற்றைக் கற்றார். அந்நாள்களில் வாரணப்பள்ளி என்ற குடும்பத்தார் அவருக்கு உறைவிடம் அளித்தனர். கல்வி முடிந்து ஊர் திரும்பியவர் சிறிது காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததால் நாணு ஆசான் என்று பெயர் பெற்றார். உறவினர் திருமணம் செய்து வைத்தனர். எனினும் இல்லறத்தில் அவர் மனம் ஒன்றவில்லை. நூல்கள் கூறும் பரம்பொருளை நேரே உணர வேண்டும் என்ற தாகம் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒரு நாள் அவர் வீட்டை விட்டு நடக்கத் தொடங்கினார்.

தேடலும் தோழமையும்

செம்பழந்திக்கு அருகே உள்ள அணியூர்க் கோவிலில் அவருக்கு ஓர் அரிய நண்பர் கிடைத்தார். அவரே பிற்காலத்தில் சட்டம்பி சுவாமிகள் என்று புகழ்பெற்ற தவசீலர். நாயர் குடும்பத்தில் 1853-ஆம் ஆண்டு பிறந்த அவர், வறுமையில் வளர்ந்து, தம் முயற்சியால் வடமொழியையும் தமிழ்ச் சாத்திரங்களையும் கற்றுத் தேர்ந்தவர். சாதி வேற்றுமை இவ்விருவரின் நட்பிற்குத் தடையாகவில்லை. இருவரும் ஒன்றாகப் பல இடங்களுக்கு நடந்து சென்றனர், ஒன்றாகத் தியானித்தனர்.

திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகளிடம் இருவரும் யோக சாதனையைக் கற்றனர். அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஆங்கிலேயர் ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தபடியே யோக நிலையில் நிலைத்திருந்த இல்லறத்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தோருள் எல்லா வகுப்பினரும் இருந்தனர். நாராயணரின் தமிழறிவும் சைவ நூல்களில் அவருக்கிருந்த ஆழ்ந்த ஈடுபாடும் இக்காலத்தில் வளம் பெற்றன. பின்னாளில் அவர் திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கம் என்னும் சைவ நூலையும் மலையாளத்தில் பெயர்த்ததும், தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியதும் இவ்வீடுபாட்டின் கனிகளே.

அதன் பின் அவர் தனியே நடந்தார். கடற்கரைச் சிற்றூர்களில் மீனவர் குடிசைகளிலும், ஊர்ப்புறச் சத்திரங்களிலும், மரநிழல்களிலும் தங்கினார். யார் எதைக் கொடுத்தாலும் உண்டார். கொடுக்காத நாளில் பட்டினி கிடந்தார். உணவு தந்தவரின் மதம் எது, சாதி எது என்று அவர் கேட்டதில்லை. எல்லோரும் ஒரே குலத்தவர் என்ற உண்மையை நூலறிவாகப் பெறுவதற்கு முன்பே, பசித்த வயிற்றோடு பல வீட்டு வாயில்களில் நின்று அவர் உணர்ந்து கொண்டார்.

மருந்துவாழ் மலை

இந்நடைப் பயணம் அவரைத் தெற்கே மருந்துவாழ் மலைக்கு அழைத்துச் சென்றது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில், பொற்றையடி என்னும் ஊரருகே இம்மலை எழுந்து நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் கடலைச் சந்திக்கும் முன் தலை நிமிர்ந்து நிற்கும் கடைசிக் குன்றுகளுள் இதுவும் ஒன்று. இன்று தமிழ்நாட்டின் பகுதியான இந்நிலம் முன்னர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. தமிழும் மலையாளமும் இங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் பழகி வந்தன.

அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது அதிலிருந்து விழுந்த ஒரு துண்டே இம்மலை என்பது மக்கள் நம்பிக்கை. மூலிகைகள் நிறைந்திருப்பதால் மருந்து வாழும் மலை என்று பெயர் பெற்றது. அகத்திய முனிவரின் பெயரைத் தாங்கிய அகத்தீசுவரம் அருகிலேயே உள்ளது. பன்னெடுங்காலமாகச் சித்தர்களும் துறவிகளும் இம்மலைக் குகைகளில் தங்கித் தவம் புரிந்துள்ளனர். சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாமித்தோப்பில்தான் அய்யா வைகுண்டர் வாழ்ந்தார். சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்கள் அனைவரும் ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்துமாறு செய்து, அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்த அவர், 1851-ஆம் ஆண்டு மறைந்தார். தவமும் சமத்துவமும் ஒன்றையொன்று அறிந்திருந்த மண் அது.

மலைப்பாதை எளிதானதன்று. அடிவாரத்துத் தென்னந்தோப்புகளையும் வயல்களையும் கடந்ததும் பாறைகள் தொடங்குகின்றன. முட்புதர்களுக்கும் உருண்டு கிடக்கும் பெரும் கற்களுக்கும் இடையே வழி வளைந்து செல்கிறது. நண்பகலில் பாறை அடுப்புக்கல் போல் காயும். மழைக்காலத்தில் அதே பாறை வழுக்கும். கடற்காற்று இடைவிடாது வீசும். இன்று ஏறிச் செல்வோருக்குப் படிகளும் துணையும் உண்டு. நாராயணர் ஏறிய நாளில் அவருக்குத் துணையாக இருந்தது அவரது உறுதி ஒன்றே.

பிள்ளைத்தடம் குகை

மலையின் மேற்பகுதியில் பிள்ளைத்தடம் என்னும் குகை உள்ளது. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஒருவர் அமர்ந்து தியானிக்கவும் படுக்கவும் போதுமான இடம். வெளியே வந்து நின்றால் ஒருபுறம் மலைத்தொடர், மறுபுறம் நீலக்கடல். இக்குகையில்தான் அவர் நெடுநாள் கடுந்தவம் இயற்றினார். இலைகளும் கிழங்குகளும் அவரது உணவாயின. காட்டு விலங்குகள் அவருக்கு அருகே அமைதியாகப் படுத்திருந்தன என்று அடியார்கள் பக்தியுடன் கூறி மகிழ்வர்.

தவத்தின் உள்ளே நிகழ்ந்தது என்ன என்பதைத் தவம் செய்தவர் மட்டுமே அறிவார். குரு அதைப் பற்றி விரித்துப் பேசியதில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகம் என்னும் நூறு பாடல்களைப் படிப்போர், அறிபவன், அறியப்படும் பொருள், அறிவு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கரையும் நிலையை அவர் அனுபவமாகக் கண்டிருந்தார் என்பதை உணர்வர். பிறர் இன்பமும் தன் இன்பமும் வேறல்ல என்ற தெளிவும் அங்கேயே பிறந்தது.

இங்கே சாதகர் அனைவரும் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி எழுகிறது. பேரமைதியைக் கண்டவர் அக்குகையிலேயே தங்கியிருக்கலாமே! அவரை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். மலைமேல் சாதி இல்லை. விலகி நிற்கச் சொல்லும் தெருவும் இல்லை. ஆனால், எல்லா உயிரும் தானே என்று கண்டவருக்கு, கீழே வாயில் மூடப்பட்டு நிற்கும் மக்களின் துயரம் அயலாருடைய துயரமாக இருக்க முடியாது. அத்வைத அனுபவம் உண்மையானால் அது கருணையாகப் பெருக்கெடுத்தே தீரும். குரு மலையிலிருந்து இறங்கினார்.

அருவிப்புறம்

அவர் அடுத்துத் தங்கிய இடமும் பாறைகள் சூழ்ந்ததே. நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாறு பாறைகளில் மோதி ஒலித்துச் செல்லும் அருவிப்புறத்தில் ஒரு குகையில் அவர் அமர்ந்தார். அருகே கொடிதூக்கி மலை. அங்கும் அவர் தனிமையையே நாடினார். ஆனால், மாடு மேய்க்க வந்தவர்கள் கண்டு சொல்ல, மக்கள் வரத் தொடங்கினர். நோயுற்றோர் மருந்து கேட்டனர். மனம் நொந்தோர் ஆறுதல் கேட்டனர். வழிபட ஒரு கோவில் இல்லையே என்று ஏங்கியோரும் வந்தனர். அவருடைய முதற்சீடராக அமைந்த சிவலிங்கதாசர் நாயர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது கருதத்தக்கது.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவு. எளிய மக்கள் விளக்கேற்றி ஆற்றங்கரையில் கூடியிருந்தனர். குரு நெய்யாற்றின் சங்கரன் குழி என்னும் ஆழமான இடத்தில் மூழ்கி, ஒரு கல்லுடன் எழுந்தார். அதை நெஞ்சோடு அணைத்தபடி நெடுநேரம் தியானத்தில் நின்றார். கண்களில் நீர் வழிந்தது. பின்னர் அக்கல்லையே சிவலிங்கமாகப் பாறைமேல் நிறுவினார்.

கோவிலில் மூர்த்தியை நிறுவும் உரிமை அந்தணத் தந்திரிகளுக்கு மட்டுமே உண்டு என்று கருதப்பட்ட காலம் அது. உமக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களுக்கு, தாம் நிறுவியது ஈழவர்களின் சிவனையே என்று அவர் அமைதியாக விடையளித்தார் எனக் கூறுவர். அதில் சினமும் இல்லை, அறைகூவலும் இல்லை. ஆனால், கேட்டவர் தம் கேள்வியைத் தாமே திரும்பிப் பார்க்க நேர்ந்தது. சாதி மத வேறுபாடின்றி எல்லோரும் உடன்பிறந்தாராக வாழ்வதற்கு இவ்விடம் முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்ற கருத்தையும் அவர் அங்கே எழுதி வைத்தார்.

குன்றிலிருந்து குடிகளிடம்

அருவிப்புறத்தில் கூடிய அடியார் குழுவே வளர்ந்து, 1903-ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவு பெற்றது. அதற்கு டாக்டர் பல்பு உறுதுணையாக நின்றார். மருத்துவம் பயின்றும், சாதியின் காரணமாகச் சொந்த நாட்டில் பணி மறுக்கப்பட்டு மைசூரில் பணியாற்றியவர் அவர். குருவின் சீடரும் பெருங்கவிஞருமான குமாரன் ஆசான் முதற்செயலாளரானார்.

1904-ஆம் ஆண்டு முதல் குரு வர்க்கலைக் குன்றில் தங்கினார். அது சிவகிரி எனப் பெயர் பெற்றது. அங்கே 1912-இல் சாரதா தேவியின் கோவிலை நிறுவினார். காற்றும் வெளிச்சமும் நிறைந்த அக்கோவில் கல்விக்கான கோவில். தலச்சேரியில் 1908-இலும், கோழிக்கோட்டில் 1910-இலும், மங்களூரில் 1912-இலும் அவர் கோவில்களைப் பிரதிஷ்டை செய்தார். கோவில் எழுந்த இடங்களில் பள்ளியும் நூலகமும் எழ வேண்டும் என்பது அவரது விருப்பம். உயிர்ப்பலியை நிறுத்தச் செய்தார். கள்ளை விலக்கச் சொன்னார். கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரச் சடங்குகளைக் கைவிடச் செய்தார்.

இத்தனை பணிகளுக்கிடையிலும் மலையும் குகையும் அவரை விட்டு நீங்கவில்லை. 1916-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்குச் சென்று, மலைமேல் வாழ்ந்த பகவான் ரமணரைக் கண்டார். அதிகம் பேச்சில்லாத அச்சந்திப்பில் இரு ஞானியரும் ஒருவரையொருவர் நன்கறிந்து கொண்டனர். நிர்விருதி பஞ்சகம் என்ற வடமொழிப் பாடல்கள் அதன் நினைவாக மலர்ந்தன. அதுவரை வெண்ணிற ஆடையே அணிந்திருந்த அவர், 1918-இல் இலங்கைக்குச் சென்றபோதுதான் முதன்முறையாகக் காவி உடுத்தார் என்பர். தவத்தின் அடையாளத்தை விடத் தவத்தையே பெரிதாக எண்ணியவர் அவர்.

கொச்சிக் கரையில்

கொச்சியின் மட்டாஞ்சேரி, பல நாட்டாரும் பல மொழியினரும் கலந்து வாழும் பழம்பெரும் வணிகத் துறை. 1568-ஆம் ஆண்டு எழுந்த யூதர் தொழுகைக் கூடமும், கொச்சி அரசரின் அரண்மனையும், கொங்கணியர் கோவிலும், மசூதிகளும், சமணர் கோவிலும் அங்கே நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. கடல் கடந்து வந்த அயலாருக்கு இவ்வளவு இடம் தந்த அதே கொச்சி நாட்டில், அம்மண்ணிலேயே பிறந்து உழுதும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்களுக்குக் கோவில் தெருவில் நடக்க இடமில்லை. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் இவ்வழியே வந்தார். காயலுக்கு அக்கரையில் உள்ள எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்து, சின்முத்திரையின் பொருள் பற்றி உரையாடி மகிழ்ந்தார். பின் கன்னியாகுமரிக்குச் சென்று, கடல் நடுவே உள்ள பாறையில் தியானித்தார். மருந்துவாழ் மலைக்கு அருகிலேயே அமைந்த அப்பாறையிலும், பாரத மக்களின் துயரமே அத்துறவியின் நெஞ்சில் நிறைந்திருந்தது.

குரு கொச்சிப் பகுதிக்குப் பன்முறை வந்தார். வைப்பின் தீவில் உள்ள செறாயியில் 1912-இல் கௌரீசுவரர் கோவிலையும், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளுருத்தியில் 1916-இல் பவானீசுவரர் கோவிலையும் பிரதிஷ்டை செய்தார். மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், அங்கேயே ஒரு பெருஞ்சோதனையும் காத்திருந்தது.

1917-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், செறாயியைச் சேர்ந்த குருவின் இளம் அன்பர் அய்யப்பன், ஈழவரையும் புலையர் வகுப்பினரையும் ஒன்றாக அமர்த்தி உணவருந்தச் செய்தார். மேல்வகுப்பார் தமக்குச் செய்த கொடுமையை எண்ணிக் கண்ணீர் விட்ட ஈழவர்களுள் பலரே இதைப் பொறுக்கவில்லை. அய்யப்பனை ஊர்விலக்கம் செய்தனர். இழித்துப் பெயரிட்டு அழைத்தனர். தமக்காகக் கோவில் வாயிலைத் திறந்து வைத்த குருவின் செயலில் மகிழ்ந்தவர்கள், தமக்குக் கீழே நின்றவர்களுக்கு அவ்வாயிலைத் திறக்க மனமில்லாதவராயினர்.

மனம் வருந்திய அய்யப்பன் குருவிடம் சென்றார். எதிர்த்தோர் எண்ணிக்கையில் மிகுந்தவர். அவருள் குருவின் பணிக்குப் பொருள் தந்தவரும் இருந்தனர். குருவோ தயங்காமல் அய்யப்பனின் செயலை ஆதரித்தார். பொறுமையையும் மன்னிக்கும் உள்ளத்தையும் கைவிடாதிருக்குமாறு அறிவுறுத்தினார். மனிதருள் சாதி என்பது ஒன்றே ஆதலால், கலந்து உண்பதிலும் மணவுறவு கொள்வதிலும் குற்றமில்லை என்ற கருத்தைப் பின்னர் எழுத்து வடிவிலேயே தந்தார். அய்யப்பன் சகோதரன் என்ற இதழை மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்கினார். அவ்விதழின் பெயரே அவருடைய பெயராகவும் நிலைத்தது. குகையில் கண்ட ஒருமை, பந்தியில் வைத்துச் சோதிக்கப்பட்டது. குரு அச்சோதனையில் எள்ளளவும் விலகவில்லை.

அறிவதற்காக ஒரு மாநாடு

பெரியாற்றங்கரையில் உள்ள ஆலுவாவில் அவர் அத்வைத ஆசிரமத்தை நிறுவினார். அங்கே மூர்த்தி எதுவும் நிறுவப்படவில்லை. 1924-ஆம் ஆண்டு சிவராத்திரியின்போது அங்கே சர்வமத மாநாடு கூடியது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் டி. சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். பல சமயத்தாரும் தத்தம் சமய உண்மைகளை எடுத்துரைத்தனர். ஒருவரையொருவர் வாதில் வெல்வதற்காக அன்றி, அறிந்து கொள்ளவும் அறிவிக்கவும் கூடிய கூட்டம் அது என்பதைக் குரு முன்கூட்டியே தெளிவுபடுத்தியிருந்தார்.

அதே ஆண்டில் வைக்கம் கோவில் தெருக்களில் எல்லோரும் நடப்பதற்கான சத்தியாக்கிரகம் தொடங்கியது. குரு ஆயிரம் ரூபாய் நன்கொடை அளித்ததுடன், வைக்கத்தில் தமக்கிருந்த ஆசிரமத்தையும் தொண்டர்களுக்குத் தந்தார். அவரைக் காணச் சிவகிரிக்கு 1922-இல் கவியரசர் தாகூரும், 1925-இல் காந்தியடிகளும் வந்தனர். அவரது இளமைத் தோழர் சட்டம்பி சுவாமிகள் 1924-ஆம் ஆண்டு மே மாதம் பன்மனையில் சமாதி அடைந்தார்.

1927-இல் களவங்கோட்டில் குரு நிறுவியது ஒரு கண்ணாடி. வழிபட வந்தவர் அதில் தம்மையே கண்டனர். அருவிப்புறத்தில் ஆற்றுக் கல்லில் தொடங்கிய வழிபாடு, தனக்குள் உறையும் பரம்பொருளை நோக்கி ஒவ்வொருவரையும் திருப்பும் கண்ணாடியில் நிறைவுற்றது. 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில் குரு மகாசமாதி அடைந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், திருவிதாங்கூர் அரசின் கோவில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

இன்றும் மருந்துவாழ் மலையில் ஏறும் அன்பர்கள் பிள்ளைத்தடம் குகையில் சிறிது நேரம் கண்மூடி அமர்கின்றனர். காற்றின் ஒலியன்றி வேறொன்றும் அங்கே கேட்பதில்லை. அமர்ந்து எழுந்த பின் வந்த வழியே இறங்க வேண்டும். கீழே ஊரும், உறவும், பகையும், பசியும் முன்போலவே காத்திருக்கும். மேலே கண்ட அமைதியைக் கீழே உள்ளவர்களுடன் பகிர்ந்து கொள்கிறோமா, நமக்குத் திறந்த கதவை நமக்குப் பின்னால் நிற்பவருக்கும் திறந்து வைக்கிறோமா என்று ஒவ்வொரு சாதகரும் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டும். குருதேவரின் வாழ்வு அதற்கு வழிகாட்டும் விளக்காக என்றும் ஒளிர்வதாக!